மறு: மறு: கானா: 'என்ஸ்டூல்மென்ட்', 'டிஸ்டூல்மென்ட்' தமிழில்?

அனைவருக்கும் வணக்கம்.
கானா அரசமைப்பு பற்றிய ஒரு பாடத்தை வெள்ளிக்குள் தமிழில் தர வேண்டும். தெற்கே அகான் மக்கள் தலைவரை ஸ்டூலில் அமர்த்துகிறார்கள் (என்ஸ்டூல்மென்ட்), நீக்கும்போது அதிலிருந்து இறக்குகிறார்கள் (டிஸ்டூல்மென்ட்). வடக்கே தக்பான் பக்கம் விலங்குத் தோலில். 1992 அரசமைப்பின் 277ஆம் உறுப்பு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தனித்தனியாகச் சொல்கிறது. 'பதவியேற்பு' என்று பூசி மெழுக முடியவில்லை. உதவுங்கள்.
– செ.

அன்பின் செ.,
சங்கத்திலேயே இருக்கிறதே, அரியணை என்ற பொருளில் கட்டில்! அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் மெத்தையிலா செத்தான்? கட்டிலேற்றம், கட்டிலிழப்பு. அகான் மக்களில் ஒரு பிரிவான அசாந்தேக்களின் பொன் ஸ்டூலில் மன்னர்கூட உட்காருவதில்லை. அது அந்த மக்களின் உயிர். 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அதில் தான் உட்கார வேண்டும் என்றார். அசாந்தே அரசித்தாய் யா அசந்தேவா தலைமையில் போர் மூண்டது. அரச முரசை வைக்கும் நம் முரசுகட்டிலும் அப்படித்தான். தெரியாமல் ஏறித் தூங்கிய மோசிகீரனாரை வெட்டாமல் சேரமான் விசிறிவிட்டான் (புறம் 50). ஹாட்ஜ்சனுக்குப் பாட வராது, பாவம். மேலும் கட்டு, கட்டளை, கட்டியம், கட்டில் எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து...
– புலவர்

ஐயா,
'தலைவர் கட்டிலிலிருந்து இறக்கப்பட்டார்' என்று பத்தாம் வகுப்பில் வாசித்துப் பாருங்கள். அப்புறம் அன்றைக்குப் பாடம் நடக்காது. 'முக்காலி'யும் வேண்டாம், படத்தைக் காட்டிக் காலை எண்ணுவான்கள். அது ஒரே மரத்தில் செதுக்கிய, நடுவே குழிந்த தாழ்ந்த இருக்கை. நம் 'மணை'தான் கிட்ட வருகிறது. மணையேற்றம், மணையிறக்கம்.
– தமிழாசிரியை

அக்கா, மணையில் ஏற்றினால் அடுத்து தாலிதான் :) சரி, தோலுக்கு என்ன? 'தோலேற்றம்' செருப்புக்கடை மாதிரி இருக்கிறது.
– இரா.

அதள்! தோலுக்குப் பழைய சொல். புலியதள். அதளேற்றம்.
– புலவர்

ஐயா, அதற்கு அடிக்குறிப்பு போட்டால் பாடத்தைவிட நீளும்.
'இறக்கம்' மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய அசாந்தே வழக்கில் நீக்கப்படுபவரின் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். வெறுங்கால் மண்ணில் பட்டால் அவர் தலைவர் அல்லர். இன்னொரு சிக்கல்: 276ஆம் உறுப்புப்படி தலைவர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது. நாடாளுமன்றத்துக்கு நிற்க விரும்பினால் ஸ்டூலையோ தோலையோ துறக்க வேண்டும். 'கட்டில் துறந்தார்' என்றால் சாமியார் ஆகிவிட்டார் என்பான்கள். 'மணை துறந்தார்' பரவாயில்லை.
– செ.

'சீஃப்' என்பதை நாட்டாமை என்றே போடலாமே?
– இரா.

தம்பி, சொம்பும் ஆலமரமும் கேட்பான்கள்.
– தமிழாசிரியை

மணையேற்றம், மணையிறக்கம், தோலிருக்கை ஏற்றம் என்று அனுப்பிவிட்டேன். சீஃப் இப்போதைக்கு 'மரபுத் தலைவர்'. எல்லோருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.
– செ.

என் வாக்கு கட்டிலுக்கே, பதிந்துகொள்க. 'கட்டியம்' பற்றி நாளை தனிமடல்.
– புலவர்