தாழ்ப்பாளைத் திறந்தது யாரு?

குழு: நம்ம வீட்டு ஆளுக
ஞாயிறு, காலை 7:38

பாலு மாமா: இனிய ஞாயிறு வணக்கம் 🌹🙏

கார்த்தி அண்ணா: [படம்]

கார்த்தி அண்ணா: [படம்]

கார்த்தி அண்ணா: எஸ்டஸ் பார்க் வந்திருக்கோம். டென்வர்ல இருந்து ஒன்றரை மணி நேரம். பின்னாடி தெரியுற வெள்ளைக் கட்டடம்தான் ஸ்டான்லி ஓட்டல். ப்ரியா, உனக்காகத்தான் எடுத்தேன்

ப்ரியா: அண்ணாஆஆ!!! ஷைனிங் ஓட்டல்!!!

அம்மா: எம்புட்டு அழகா இருக்கு. பிள்ளைக்குக் குல்லா போட்டியாப்பா?

கார்த்தி அண்ணா: போட்டாச்சு சித்தி

பாலு மாமா: ஷைனிங்னா என்ன

ப்ரியா: பேய்ப் படம் மாமா. 1980ல வந்தது, ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது. மலை மேல ஒரு பெரிய ஓட்டல், அக்டோபர் கடைசில மூடினா மே மாசம்தான் திறப்பாங்க. அதுவரைக்கும் பாத்துக்க ஒரு வாத்தியார் பொண்டாட்டி பிள்ளையோட போவான். நாவல் எழுதணும்னு ஆசை அவனுக்கு. பனி கொட்டி ரோடு அடைச்சிரும், போன் கட்டாயிரும். அப்புறம் அவனே கோடாலியத் தூக்கிட்டு வெட்ட வருவான்

பாலு மாமா: காலங்காத்தால நல்ல சேதி

அம்மா: கார்த்தி நீ ஏன்பா அங்கெல்லாம் போற

கார்த்தி அண்ணா: சும்மா சுத்திப் பாக்கத்தான் சித்தி. உள்ள கல்யாணப் பார்ட்டி நடக்குது, ஒரே பாட்டும் கூத்தும். பேய் இருந்தாலும் ஓடிப் போயிருக்கும் 😄

மணி சித்தப்பா: கார்த்தி, படம் எடுத்தது அங்க இல்லடே

கார்த்தி அண்ணா: தெரியும் சித்தப்பா. படத்துல இந்த ஓட்டல் ஒரு ஷாட்ல கூட வராது. கதை பிறந்த இடம் இதுன்னுதான் கூட்டமே

மணி சித்தப்பா: ஆமா. 1974ல இந்தக் கதைய எழுதின ஸ்டீபன் கிங் அங்க ஒரு ராத்திரி தங்கினாரு. மறுநாள் ஓட்டலை சீசனுக்கு மூடப்போறாங்க. அவரும் அவரு சம்சாரமும் தவிர ஆளே இல்ல. சாப்பாட்டு ஹால்ல நாற்காலியெல்லாம் மேசை மேல கவுத்தாச்சு. ரூம் நம்பர் 217. ராத்திரி ஒரு கனவு: அவரோட மூணு வயசுப் பையனை அந்த வராண்டாவுல தீயணைக்கிற குழாய் துரத்திக்கிட்டு வருது. வேர்த்து முழிச்சு, ஒரு சிகரெட்டப் பத்தவச்சு ஜன்னலோரம் உக்காந்தாரு. சிகரெட் தீரும்போது கதையோட எலும்புக்கூடு மனசுல வந்துட்டு. 1977ல புத்தகம்

ப்ரியா: அப்ப படத்துல வெளிய தெரியுற ஓட்டல்?

மணி சித்தப்பா: அது ஓரகன் மாநிலத்துல டிம்பர்லைன் லாட்ஜ். உள்பக்கம் மொத்தமும் இங்கிலாந்துல எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுல போட்ட செட்டு. அந்தப் பெரிய ஹால் இருக்கே, அவன் டைப்ரைட்டர் வச்சுத் தட்டுவானே, அதுக்கு மாதிரி யோசெமிட்டில இருக்குற அவானி ஓட்டல். ஆரம்பத்துல மஞ்சக் கார் எறும்பு மாதிரி போகுற ரோடு மொன்டானாவுல. அந்த ஹெலிகாப்டர் ஷாட்ல மிஞ்சின பிலிமை 1982ல வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்துக் கடைசில ஒட்டினாங்க

பாலு மாமா: ஒரு ஓட்டலுக்கு இத்தன ஊரா

கார்த்தி அண்ணா: கடைசில வர்ற பனி கூட பனி இல்ல மாமா. உப்பும் நொறுக்கின தெர்மகோலும்

அம்மா: உப்பையா கொட்டினாங்க 😳

ப்ரியா: பேய் இருக்குற ரூம் புத்தகத்துல 217, படத்துல 237. அது ஏன் சித்தப்பா?

மணி சித்தப்பா: டிம்பர்லைன்காரங்க கேட்டுக்கிட்டாங்க. நம்ம ஓட்டல்ல 217 இருக்கு, படம் பாத்துட்டு எவனும் அதுல தங்க மாட்டான், இல்லாத நம்பராப் போடுங்கன்னு. இப்ப ஜனங்க அங்க கேட்டு வாங்குறதே 217தான்

பாலு மாமா: 😂😂

காலை 8:05

சுந்தரி அத்தை: எல்லாரும் கட்டடத்தப் பத்தியே பேசுங்க. ப்ரியா போன வாரம் இங்க வந்தப்ப எனக்குப் போட்டுக் காட்டினா. நான் கடைசி வரைக்கும் பாத்தேன். உங்க மாமா இடைவேளைக்கு முன்னாடியே குறட்டை

பாலு மாமா: எனக்கு மறுநாள் வாக்கிங் இருந்துச்சு

மணி சித்தப்பா: அக்கா பேய்ப் படம் பாத்தியா!! எது ரொம்பப் பயம்? குளியல் தொட்டிக் கிழவியா, அந்த ரெட்டைப் பிள்ளைகளா?

சுந்தரி அத்தை: ரெண்டும் இல்லல. அவன் பொண்டாட்டி டாக்டர்கிட்ட பேசுற இடம்

ப்ரியா: எது அத்தை? ஆரம்பத்துல, ஓட்டலுக்குப் போறதுக்கு முன்னாடியா?

சுந்தரி அத்தை: ஆமாட்டி. பையன் மயங்கி விழுந்துட்டான்னு டாக்டரம்மா வீட்டுக்கு வந்திருக்கா. இவ சிரிச்சுக்கிட்டே சொல்லுதா. புருசன் ஒருநாள் குடிச்சிட்டு வந்தானாம், பிள்ள அவன் பேப்பரையெல்லாம் எறைச்சுப் போட்டுட்டானாம், கையப் பிடிச்சு இழுத்ததுல தோள்பட்டை எறங்கிட்டாம். பிள்ளைகள வச்சிருந்தா பார்க்குல ரோட்டுல நூறு தடவ நடக்குறதுதானேங்கா. கையில சிகரெட் இருக்கு, சாம்பல் நீளமா வளந்து வளைஞ்சு நிக்குது, தட்டணும்னு தோணல அவளுக்கு. டாக்டரம்மா பதிலே பேசல. மூஞ்சி மட்டும் மாறிட்டு

சுந்தரி அத்தை: டீச்சரா இருந்தப்ப அந்தச் சிரிப்ப நான் எத்தனையோ தாய்மார்கிட்ட பாத்திருக்கேன். மாடிப்படில விழுந்துட்டான் டீச்சர், கதவுல இடிச்சுக்கிட்டான் டீச்சர்

அம்மா: 😔 உண்மை மதினி

சுந்தரி அத்தை: இன்னும் கேளு. டாக்டர்கிட்ட அவ என்ன சொல்லுதா? கைய இழுத்த அன்னைக்கே இனிமே குடியத் தொடவே மாட்டேன்னு சொன்னாரு, அஞ்சு மாசமா தொடலங்கா. பின்னாடி அவன் அந்தப் பாருல உக்காந்து புலம்புறான் பாரு, அதுல என்ன சொல்லுதான்? அது மூணு வருசத்துக்கு முன்னாடி நடந்ததுங்கான். கூட்டிக் கழிச்சுப் பாருங்க எல்லாரும்

ப்ரியா: ஐயோ. அப்ப நடுவுல ரெண்டரை வருசம்??

சுந்தரி அத்தை: அதத்தான் கேக்கேன்

ப்ரியா: நான் நாலஞ்சு வாட்டி பாத்திருக்கேன், இது கண்ணுலயே படல

மணி சித்தப்பா: அக்கா கணக்கு டீச்சர்னு நிரூபிச்சுட்டா. ஆனா ஒண்ணு, கிங்குக்கு இந்தப் படத்து மேல கோவமே இதான். அவரு எழுதின ஜாக், அதான் அந்த வாத்தியார், நல்லவன்க்கா. குடிகாரன்தான், ஆனா விட்டுட்டுத் திருந்தணும்னு நெனைக்கிறவன். பிள்ள மேல உசிரு. அந்த ஓட்டல் அவனைக் கொஞ்சங்கொஞ்சமாத் தின்னுது. கடைசில கையில ஆயுதத்தோட நிக்கும்போதும் ஒரு நொடி சுயநினைவு வந்து, ஓடிப் போயிருன்னு பையன்கிட்ட சொல்லுவான். அப்புறம் பாய்லர் வெடிச்சு ஓட்டலே எரிஞ்சு போகும். நான் படிச்சுட்டு அழுதிருக்கேன். படத்துல அந்த பாசம் எங்க? எஞ்சின் இல்லாத கெடிலாக் கார்னு கிங் சொன்னாரு

கார்த்தி அண்ணா: அதனாலதான் 1997ல அவரே திரைக்கதை எழுதி டிவித் தொடரா எடுத்தாங்க. அது மட்டும் இந்த ஸ்டான்லி ஓட்டல்லயே எடுத்தது

ப்ரியா: அத யாரு இப்ப பாக்கா 🙈

சுந்தரி அத்தை: கோவம் வரத்தான் செய்யும். அந்த கிங்கு அப்ப குடிப்பாரா?

மணி சித்தப்பா: குடிப்பாரு. எழுதும்போது தன்னைப் பத்தித்தான் எழுதுறோம்னே தெரியாம எழுதிட்டேன்னு பின்னால அவரே எழுதியிருக்காரு. அப்புறம் விட்டுட்டாரு

சுந்தரி அத்தை: அப்ப சரி. நான் நல்லவன்தான், அந்த வீடுதான் என்னைக் கெடுத்துட்டுன்னு குடிக்கிறவன் பக்கத்துல இருந்து எழுதினா புத்தகம் மாதிரி இருக்கும். பொண்டாட்டி பக்கத்துல இருந்து பாத்தா படம் மாதிரி இருக்கும்

அம்மா: 👏👏

மணி சித்தப்பா: மதினி நீங்க படமே பாக்கலையே

அம்மா: பாக்காட்டா என்ன தம்பி, மதினி சொல்லுறது புரியுதுல்லா

ப்ரியா: அத்தை சொல்றது சரிதான் சித்தப்பா. ஓட்டலுக்குக் கார்ல போகும்போதே பாருங்க. பையன் பசிக்குதுப்பாங்கிறான். காலைலயே சாப்பிட்டிருக்கணும்கிறான் அப்பன். ஒரு பேயும் இன்னும் வரல!

கார்த்தி அண்ணா: அந்தக் குரல்ல ஒரு எரிச்சல் இருக்கும்ல

சுந்தரி அத்தை: அவனா நடிச்ச ஜாக் நிக்கல்சன் மூஞ்சி முதல் காட்சி இண்டர்வியூலயே சரியில்ல. முந்தி இருந்த காவக்காரன் பொண்டாட்டியையும் ரெண்டு பிள்ளைகளையும் கோடாலியால வெட்டினான்னு மேனேஜர் சொல்லுதாரு. இவன் சிரிச்சுக்கிட்டு, என் சம்சாரத்துக்கு இந்த மாதிரி கதை ரொம்பப் பிடிக்கும்ங்கான். எவனாவது இதக் கேட்டு வேலைக்குச் சேருவானா?

பாலு மாமா: சம்பளம் எவ்வளவோ

பாலு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுந்தரி அத்தை: நான் படிச்சிட்டேன்

காலை 8:31

மணி சித்தப்பா: சரிக்கா, கேஸை உங்க பக்கமே வச்சுக்கோங்க. பேயே இல்ல, எல்லாம் அவன் மண்டைக்குள்ளதான்னு வைங்க. அதுக்கு ஆதாரம் கூட நான் தாரேன். அவன் பேயோட இருக்குற இடத்துல எல்லாம் ஒரு கண்ணாடி இருக்கும். பாருல பாட்டிலுக்குப் பின்னாடி கண்ணாடி. 237ல கண்ணாடி. அந்தச் செவப்பு பாத்ரூம்ல வரிசையாக் கண்ணாடி. தன்னோட தானே பேசுறான்னு வச்சுக்கலாம்

ப்ரியா: ஓஓ செம

மணி சித்தப்பா: ஆனா ஸ்டோர் ரூம்? பொண்டாட்டி பேஸ்பால் மட்டையால மண்டைல போட்டு, தரதரன்னு இழுத்துட்டுப் போய் மளிகை ரூம்ல தள்ளி வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டா. உள்ள இருக்குறவன் திறக்க வழியே இல்ல. கண்ணாடியும் இல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பழைய காவக்காரன் கிரேடி குரல் மட்டும் கேக்கும். கொஞ்ச நேரத்துல தாழ்ப்பாள் இழுபடுற சத்தம். அடுத்து இவன் கோடாலியோட வெளிய நிக்கான். தாழ்ப்பாளைத் திறந்தது யாரு?

கார்த்தி அண்ணா: 🔥

மணி சித்தப்பா: குப்ரிக்கே ஒரு பேட்டில சொல்லியிருக்காரு. அந்தத் தாழ்ப்பாள் நகரும் வரைக்கும் வேற காரணம் சொல்லித் தப்பிச்சுக்கலாம், அதுக்கப்புறம் பேயைத் தவிர வேற வழியில்லன்னு. இப்ப பதில் சொல்லு அக்கா

ப்ரியா: அத்தை டைப் பண்றாங்க...

ப்ரியா: இன்னும் டைப் பண்றாங்க...

அம்மா: ரெண்டு பாக்கெட் பால், ஒரு தயிர். மீன்காரம்மா வந்தா நிக்கச் சொல்லுட்டி

ப்ரியா: ம்மா இது குடும்ப குரூப்

அம்மா: நீயும் இங்கதானே இருக்க. படிச்சேல்லா, போ

சுந்தரி அத்தை: ஏல மணி, நான் பேய் இல்லன்னு எப்ப சொன்னேன்? இருக்கட்டும். அந்தப் பையனுக்குத் தெரியுது, சமையக்காரருக்குத் தெரியுது, கடைசில அவளுக்கும் தெரியுது. கிரேடிதான் திறந்தான்னே வச்சுக்கோ. திறக்குறதுக்கு முன்னாடி கதவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து அவன் என்ன கேக்கான்? உனக்கு மனசு வரல போலருக்கு, இதக் கடுமையா முடிக்கணும், வாக்குக் குடுங்கான். இவன் வாக்குக் குடுக்கான். அப்புறம்தான் தாழ்ப்பாள் திறக்குது. பேய் கதவத்தான் திறந்துச்சு. வெட்டுறேன்னு சொன்னது இவன்

கார்த்தி அண்ணா: அத்தை 🙏🙏🙏

ப்ரியா: சித்தப்பா அவுட்

மணி சித்தப்பா: இரு இரு. வாக்குக் கேட்டுத் தூண்டினது யாரு? ஓட்டல்தானே? தனியா விட்டிருந்தா உள்ளயே தூங்கியிருப்பான்

சுந்தரி அத்தை: சாராயக் கடைக்காரன் ஊத்திக் குடுத்தான்னுதான் நம்ம தெருவுலயும் சொல்லுவாங்க

பாலு மாமா: 👍

அம்மா: அந்தச் சின்னப் பையன் நடிக்கும்போது பயந்திருக்க மாட்டானா? எனக்கு அதுதான் ஓடிட்டு இருக்கு

கார்த்தி அண்ணா: அவனுக்கு அது பேய்ப் படம்னே தெரியாது சித்தி. ஒரு குடும்பம் ஓட்டல்ல தங்குற கதைன்னு சொல்லியே நடிக்க வச்சாங்க. டேனி லாயிட்னு பேரு. பெருசாகி பயாலஜி வாத்தியாராயிட்டாரு

ப்ரியா: ம்மா அவன் மூணு சக்கர சைக்கிள் ஓட்டுற சீன் மட்டுமாவது பாரு. கேமரா தரையோட தரையா அவன் பின்னாடியே போகும். மரத் தரைல சக்கரம் கடகடன்னு உருளும், கம்பளத்துல ஏறினதும் சத்தமே இருக்காது, திரும்பவும் கடகட. திருப்பத்துல யாரு நிப்பான்னு தெரியாம மூச்ச பிடிச்சிட்டு இருப்போம்

மணி சித்தப்பா: ஸ்டெடிகாம், அதான் கேமரா குலுங்காம நகர வைக்கிற கருவி, அப்ப புதுசு. கண்டுபிடிச்ச காரெட் பிரவுனே வந்து எடுத்தாரு, கேமராவ வீல்சேர்ல கட்டி

அம்மா: அந்தப் பொண்ணு நடிப்பு எப்படி?

சுந்தரி அத்தை: அவதான் படமே. கை நடுங்க அந்தக் கத்தியப் பிடிச்சுக்கிட்டு நிப்பா பாரு, பாத்ரூம் கதவ அவன் கோடாலியால பொளக்கும்போது. அழகாத் தெரியணும்னு ஒரு இடத்துலயும் நெனைக்கல

ப்ரியா: ஷெல்லி டுவால். அந்த நடிப்புக்கு மோசமான நடிகைன்னு ரேஸ்ஸிங்கிற கேலி விருதுக்குப் பரிந்துரை பண்ணாங்க அத்தை! 2022ல தான் அத வாபஸ் வாங்கினாங்க. 2024 ஜூலைல இறந்துட்டாங்க

சுந்தரி அத்தை: பயந்தவ பயந்த மாதிரி நடிச்சா மோசமான நடிப்பாம்

மணி சித்தப்பா: அக்கா, கடைசிக் கேள்வி. இதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டா நான் ஒத்துக்கறேன். அவன் பனில விறைச்சுச் செத்தப்புறம் சுவத்துல ஒரு போட்டோ. 1921 ஜூலை 4, பார்ட்டில எடுத்தது. நடுவுல இவன் சிரிச்சுக்கிட்டு நிக்கான். அது எப்படி?

சுந்தரி அத்தை: அது யாருக்குல தெரியும். நீதான் பேட்டியெல்லாம் படிச்சிருக்கியே, அந்த டைரக்டர் என்ன சொன்னாரு?

மணி சித்தப்பா: மறுபிறவி மாதிரின்னு சொன்னாரு

சுந்தரி அத்தை: அப்ப போன பிறவியிலயும் இவன் இப்படித்தான் இருந்திருக்கான்

ப்ரியா: 🤣🤣🤣

கார்த்தி அண்ணா: நான் கிளம்புறேன், இங்க இருட்டிட்டு. மலை ரோடு, பனி வேற

அம்மா: பாத்து மெதுவாப் போப்பா. வீடு போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடு

அம்மா: மணி தம்பி, மத்தியானம் சாப்பிட வந்துருங்க, நெய்மீன் வாங்கியிருக்கு. மதினி, அண்ணனையும் கூட்டிட்டு நீங்களும் வாங்க. மிச்சச் சண்டைய இங்க வந்து போடுங்க

மணி சித்தப்பா: வாரேன் மதினி. புத்தகத்தையும் எடுத்துட்டு வாரேன், அக்கா படிக்கட்டும்

பாலு மாமா: குழம்பா, வறுவலா