தனியார் குடியிருப்புச் சாலையைச் சுத்தம் பண்ண வேண்டியது யார்? அவசரம்

தெருமுனை:
வணக்கம். 14 வீடு இருக்கிற சின்னத் தெரு, முகப்புல தனியார் சாலைன்னு போர்டு. ஓரம் பூரா இலை மக்கி ஒரு விரல் கனத்துக்குச் சேறு. மழை பெஞ்சா தண்ணி வாசப்படி வரைக்கும் ஏறுது. உள்ளாட்சியில கேட்டா எங்க பொறுப்பு இல்லைன்னுட்டாங்க. வரி மட்டும் முழுசா கட்டுறோமே? வெள்ளிக்கிழமை அக்கம்பக்கத்தோட பேசணும், சீக்கிரம் சொல்லுங்க.

மண்வெட்டி:
எந்த நாடுங்க? சொந்த வீடா, வாடகையா? தண்ணி நிக்கிற இடத்துல வடிகால் குழி இருக்கா? தார் ரோடா, பிளாக் கல்லா?

கல்வெட்டு:
இது தானப் பத்திர விவகாரம்தான். அனுமதி வாங்கின மனைப்பிரிவுன்னா சாலையை உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுத்திருப்பாங்க. சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்க. பத்திரம் பதிவாகியிருந்தா, போர்டுல என்ன எழுதியிருந்தாலும் பெருக்குறது அவங்க வேலை.

நெடுஞ்சாலை:
கேள்வியே தவறு. இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது, தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். நிலம் யாருடையது, அதில் போக யாருக்கு உரிமை, பராமரிக்க யார் ஒப்புக்கொண்டது: இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். நாட்டைக்கூடச் சொல்லாமல் சட்டம் கேட்பவருக்கு யார் என்ன சொல்ல முடியும்?

தெருமுனை:
மன்னிக்கணும், இங்கிலாந்து. சொந்த வீடு, ஃப்ரீஹோல்டு (மனையும் சேர்த்து நிரந்தரமா எங்களுது). தார் ரோடு, வீட்டு முகப்பு மட்டும் பிளாக் கல். குழி ரெண்டு, ஒண்ணு சேத்துக்கடியில.

கல்வெட்டு:
அப்ப நான் சொன்னதை விட்டுடுங்க, அது தமிழ்நாட்டுக்கு.

ஏட்டுக்கட்டு:
முதல்ல சாலை உண்மையிலேயே தனியார்தானான்னு உறுதி பண்ணுங்க. போர்டை நம்பாதீங்க. 1980 நெடுஞ்சாலைச் சட்டம் 36(6) பிரிவுப்படி, பொதுச் செலவுல பராமரிக்கிற சாலைகளோட பட்டியலை கவுன்சில் (அங்க உள்ளாட்சி) வச்சிருக்கணும். அதுல உங்க தெரு இருந்தா, 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 89வது பிரிவுல பெருக்குற கடமை கவுன்சிலுக்கு வந்துடும். இல்லைன்னா அவங்க சொன்னது சரி. வரி கட்டுறதால அது மாறாது. குப்பைத்தொட்டி எடுக்குறது வேற கணக்கு, அதைத் தனியார் சாலைன்னு நிறுத்த முடியாது. தொட்டியைத் தெருமுனைக்குக் கொண்டு வரச் சொல்லலாம், அவ்வளவுதான்.

அடுத்தது லேண்ட் ரெஜிஸ்ட்ரி, அதாவது நிலம் யார் பேர்லன்னு பதிவு வச்சிருக்கிற அரசு அலுவலகம். உங்க வீட்டுப் பதிவேடு மட்டும் போதாது, சாலைக்குத் தனிப் பதிவு இருக்கான்னு பாருங்க. பில்டர் பேர்லயோ நிர்வாகக் கம்பெனி பேர்லயோ இருக்கலாம். வீட்டை பில்டர் முதல் தடவை வித்தப்போ எழுதின டிரான்ஸ்ஃபர் பத்திரத்தை வாங்கி, அதுல பராமரிப்புப் பங்கு என்னன்னு படிங்க. தனியார் சாலையைப் பெருக்கியே ஆகணும்னு பொதுவா ஒரு சட்டம் கிடையாது. எழுதிக் கொடுத்ததுதான் கட்டுப்படுத்தும்.

வாசப்படி:
பத்திரமெல்லாம் எதுக்கு? அவங்கவங்க வீட்டுக்கு முன்னாடி பாதி ரோடு வரைக்கும் அவங்கவங்களுக்குச் சொந்தம். அவங்கவங்க பெருக்க வேண்டியதுதான்.

ஏட்டுக்கட்டு:
அது ஒரு அனுமானம் மட்டுமே. சாலைக்குத் தனிப் பதிவு இருந்தா அடிபட்டுப் போகும். நடுக்கோடு வரைக்கும் மண் உங்களுதுன்னாலும் பெருக்குற கடமை அதிலிருந்து பிறக்காது.

நெடுஞ்சாலை:
பத்திரத்தில் எழுதியதும் முழுப் பாதுகாப்பு அல்ல. பணம் கொடுக்கவேண்டும், வேலை செய்யவேண்டும் என்கிற உடன்படிக்கை ஃப்ரீஹோல்டில் அடுத்து வாங்குபவரைத் தானாகக் கட்டாது. 1885 ஆஸ்டர்பெர்ரி வழக்கிலிருந்து அதுதான் நிலை. ஆனால் சாலையைப் பயன்படுத்தும் உரிமையை எடுத்துக்கொள்கிறவர் அதற்கான பங்கையும் கொடுக்கவேண்டும் என்பது 1957 ஹால்சல் வழக்கு. வெள்ளிக்கிழமை யாராவது மறுத்தால் இதைச் சொல்லுங்கள்.

மண்வெட்டி:
சட்டம் முடியட்டும், தண்ணி காத்திருக்காது. கம்பி மூடியை ரெண்டு பேரா, மூடி தூக்குற கொக்கி போட்டுத் தூக்குங்க. விரலைக் கொடுக்காதீங்க. உள்ள பக்கவாட்டுல வெளிக்குழாய் தெரியும். சேறு அந்த வாய்க்குக் கீழ நிக்கணும். அதைத் தொட்டாச்சுன்னா குழி வேலை செய்யாது. நீளக்காம்பு அகப்பையால அள்ளி வாளியில போடுங்க. ஹோஸ் அடிச்சு உள்ள தள்ளுனா அடைப்பு இன்னும் ஆழமா போய் உட்கார்ந்துக்கும். அள்ளின பிறகு ரெண்டு வாளி தண்ணி வேகமா ஊத்துங்க. இறங்கலைன்னா அடைப்பு குழாய்க்குள்ள.

வாசப்படி:
பிரஷர் வாஷர் இருந்தா அரை நாள்ல முடியும்.

மண்வெட்டி:
வேண்டாங்க. பிளாக் கல்லுல அடிச்சா இடுக்கு மணல் பறந்து கல் ஆட ஆரம்பிக்கும், அப்புறம் நல்லா காய்ஞ்ச மெல்லிய மணலைப் பெருக்கி நிரப்பணும். பழைய தார்ல ஜல்லியே பெயரும். அந்தச் சேறு பூரா மறுபடி குழிக்குத்தான் போகும். ஈரம் குறைஞ்ச நாள்ல மட்டைப்பாரையால சுரண்டி, விறைப்பான துடைப்பத்தால குழியிலிருந்து வெளிப்பக்கமா இழுங்க.

வாசப்படி:
தூரத்துல இருந்து விசிறி மாதிரி அடிச்சா மணல் போகாது.

மண்வெட்டி:
தூரத்துல அடிச்சா சேறும் போகாது.

ஏட்டுக்கட்டு:
குழாய்க்குள்ள அடைப்புன்னா இன்னொண்ணு. பல வீட்டுக்குப் பொதுவா, பொதுச் சாக்கடையோட சேர்ற தனியார் குழாய்கள் 2011 அக்டோபர் 1ல தண்ணீர் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. சாலைத் தண்ணியை மட்டும் வாங்குற குழியும் அதோட கிளைக்குழாயும் போகல. எந்த இடத்துல அடைச்சிருக்குன்னு தெரிஞ்ச பிறகு கூப்பிடுங்க.

தெருமுனை:
பட்டியல்ல எங்க தெரு இல்லை. பத்திரத்துல ஆளுக்கு 14ல் ஒரு பங்குன்னு இருக்கு. சாலை இன்னும் பில்டர் பேர்லயே. மூடியைத் தூக்கினோம், சேறு குழாய் வாய்க்கு மேல. நன்றி.

மண்வெட்டி:
வாளித் தண்ணி இறங்குச்சா? ரெண்டாவது குழி?