மறு: ‘ஊக்க ஆபாசம்’ என்பதற்கு வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘இன்ஸ்பிரேஷன் போர்ன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாய் திறக்காததற்குக் காரணம், நமக்கு ஊக்கம் கிடைக்க மாற்றுத்திறனாளிகளைக் காட்சிப்பொருளாக்கும் இந்தத் தப்பை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

புலவர் ஐயா எழுதியிருந்தது:

> ‘இன்ஸ்பிரேஷன் போர்ன்’ என்பதை ‘ஊக்க ஆபாசம்’ என்று பெயர்த்தால் வீட்டுக்குள் பத்திரிகையை விடமாட்டார்கள். ‘ஊக்கப்படைப்பு’ என்றே வைத்துவிடலாமே.

ஐயா, முதல் பாதி சரி. ஆனால் ‘ஊக்கப்படைப்பு’ பாராட்டாகிவிடுகிறது. அந்தப் பெயரில் ஆண்டுவிழாவில் பரிசே கொடுத்துவிடுவார்கள். ‘இன்ஸ்பிரேஷன் போர்ன்’ என்ற சொல்லைப் பரப்பிய ஸ்டெல்லா யங் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர், மேடை நகைச்சுவைக் கலைஞர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2012இல் இதைப் பற்றி எழுதினார், 2014இல் சிட்னியில் மேடையேறிப் பேசினார், அந்த டிசம்பரிலேயே 32 வயதில் இறந்துபோனார். ‘போர்ன்’ என்பதை அவர் தெரிந்தேதான் போட்டார். ஒரு சாராரின் ஆதாயத்துக்காக இன்னொரு சாராரைப் பண்டமாக்குவது என்று விளக்கமும் சொன்னார். மாற்றுத்திறனாளி ஒருவரின் படத்தைப் பார்த்து, ‘நம்ம கஷ்டமெல்லாம் ஒரு கஷ்டமா’ என்று நாம் தேறிக்கொள்கிறோம். படத்தில் இருப்பவருக்கு அதனால் என்ன கிடைத்தது? படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறிவிடாது என்றார் அவர்.

ஆகவே குறை பார்க்கிறவரிடம் இருக்கிறது என்பது நம் சொல்லிலும் தெரிய வேண்டும். நாகர்கோவில் அக்கா சொன்ன ‘வியப்புக்காட்சி’ பக்கத்தில் வருகிறது, ஆனால் படத்தோடு நின்றுவிடுகிறது. எழுத்திலும் இது நடக்கிறதே! சொல்லப்போனால் எழுத்தில்தான் நம் இலக்கணமே காட்டிக்கொடுக்கும். ‘கால் இல்லாதவரும் கடை நடத்துகிறார்’ என்று தலைப்பு போடுகிறோம். அந்த ‘உம்’ என்ன உம்மை? பள்ளியில் படித்த இழிவுச் சிறப்பும்மைதான். பாராட்டத்தான் எழுதினோம், ஆனால் ‘இவரால் என்ன முடியும்’ என்ற நினைப்பை அந்த ஓர் உம்மை சுமந்துகொண்டு நிற்கிறது. பேச்சில் அதுவே ‘கூட’ ஆகும்: ‘அவரே கூட பாஸ் பண்ணிட்டார்’. துணை ஆசிரியர்கள் பிரதியைத் திருத்தும்போது இந்த உம்மையையும் ‘கூட’வையும் அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். ‘கால் இல்லாதவர் கடை நடத்துகிறார்.’ செய்தி மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் அது முதலிலேயே செய்தி இல்லை.

சரி, என் கதை. நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் தெருவில் தமிழ். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். இந்தப் பக்கம் 1967இல் அரசே தொடங்கியது இன்னும் ஓடுகிறது. சீட்டு விற்கிறவர்களில் மாற்றுத்திறனாளிகள் நிறைய. மூன்று சக்கர வண்டியில் வந்து விற்கும் ஒரு அண்ணனைப் பற்றி, பகுதிநேரச் செய்தியாளனாக இருந்த காலத்தில் எழுதினேன். ‘நம்பிக்கை விற்கும் மனிதர்’ என்று தலைப்பு. எனக்கே புல்லரித்தது. பேட்டியில் பாதி நேரம் அவர் ஓர் அலுவலகத்து மாடிப்படியைப் பற்றித்தான் பேசினார். சான்றிதழைப் புதுப்பிக்க மூன்று முறை போய், மூன்று முறையும் கீழேயே காத்திருந்து திரும்பியிருக்கிறார். நான் எழுதியதோ அவருடைய சிரிப்பைப் பற்றி. பத்திரிகை வந்த மறுவாரம் பார்த்தபோது கேட்டார்: “ஏந்தம்பி, அந்த மாடிப்படிய எங்க வுட்டுட்டீங்க?” இன்னொன்றும் சொன்னார்: “போட்டோ புடிக்க இருபது பேரு வந்தாங்க. சீட்டு வாங்குனது மூணு பேரு.”

அந்தப் படியை எழுதியிருந்தால் அது உரிமைச் செய்தி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. யார் பொறுப்பு, ஏன் கீழேயே ஒரு மேசை போடவில்லை என்று கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சிரிப்பை எழுதினேன்.

இதனால் என் முன்மொழிவு: புல்லரிப்புத்தீனி. புல்லரிப்பது பார்க்கிறவருக்கு, தின்பதும் அவரே. நொறுக்குத்தீனி மாதிரி, தின்றுகொண்டே இருக்கலாம், வயிறு நிறையாது. ‘ஆபாசம்’ என்பதில் இருக்கும் அந்த உறுத்தல் ‘தீனி’யில் கொஞ்சமாவது இருக்கிறது, வீட்டுக்குள்ளும் வரலாம். புல் என்றாலே தீனிதானே என்று யாராவது கேலி செய்வீர்கள், தெரியும். செய்யுங்கள். (இங்கே மலையாளச் செய்திகளில் ‘ப்ரசோதனம்’ என்று வரும். ஊக்கம் என்று பொருள். என் காதில் அது எப்போதும் ‘சோதனை’ என்றே விழும். சில நேரம் அதுவே சரியாகவும் இருக்கும்.)

கோவை நண்பர், ‘பாராட்டவே கூடாதா’ என்று கேட்டிருந்தார். பாராட்டலாமே. அவர் செய்தது யார் செய்தாலும் பாராட்டத்தக்கதா என்பதுதான் கேள்வி. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காட்சி ஊடகங்களுக்குச் சொன்ன வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது: கேலிப்பொருளாகவும் காட்டக்கூடாது, மறுகோடிக்குப் போய் அசகாய சூரராகவும் காட்டக்கூடாது. அதே தீர்ப்பு நகைச்சுவையை இரண்டாகப் பிரிக்கிறது: ‘டிஸெபிலிட்டி ஹ்யூமர்’, ‘டிஸேபிளிங் ஹ்யூமர்’. முன்னது ஊனத்தைப் புரியவைக்கும் சிரிப்பு, பின்னது ஆளை மட்டம்தட்டும் சிரிப்பு. இவற்றுக்கும் சொல் வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்கலாம், இதில் குழப்ப வேண்டாம்.

நம்மைப் போன்றவர்கள் மட்டும் கூடி இந்தச் சொல்லை முடிவு செய்வது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதனால் நேற்று அந்த அண்ணனிடமே போய்க் கேட்டேன். விளக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு யோசித்தார்.

“தீனிங்கறீங்க. அப்ப மாடு யாரு, நானா, பாக்கறவங்களா?”

“பாக்கறவங்கதாண்ணா.”

“அப்பச் சரி. வெச்சுக்குங்க.”

ஒரு சீட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பரிசு விழவில்லை.

தீனியைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதைப் புலவர் ஐயா சொல்லட்டும். நடுவில் ஒற்று வருவதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து