இடக்கைக்காரர் கிட்டார் பழகும்போது: மீட்டும் கை எது, அழுத்தும் கை எது?

வகுப்பு எடுப்பவர்

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் முதல் வகுப்பில் கேட்பது ஒன்றுதான்: "எல்லாரையும் போல வலக்கைக் கிட்டாரிலேயே பழகிடலாமா?" ஆமாம், இல்லை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மார்க் நாஃப்ளர் இடக்கைக்காரர், வாசிப்பது வலக்கைக்காரர்களைப் போல. பால் மெக்கார்ட்னியும் டோனி அயோமியும் இடக்கைக்காரர்களாகவே வாசிப்பவர்கள். இரண்டு வழியிலும் உச்சிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், கம்பியை அழுத்தும் கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். அந்தக் கை முதல் மாதம் யாருக்குமே சொன்ன பேச்சு கேட்காது. கவனிக்க வேண்டியது தாளம் தரும் கை. அழுத்தும் விரல் கொஞ்சம் பிசகினால் ஒரு சுரம் மங்கும், அவ்வளவுதான். மீட்டும் கை பிசகினால் பாட்டே நொண்டும்.

சோதிப்பதற்கு ஒரு வழி. கிட்டாரின் எல்லாக் கம்பிகள் மேலும் ஒரு கையை லேசாக வைத்து ஒலியை அடக்குங்கள். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 70 தட்டில் ஓடட்டும். இன்னொரு கையால் மேல்-கீழ், மேல்-கீழ் என்று ஐந்து நிமிடம் மீட்டுங்கள். பிறகு கிட்டாரைத் திருப்பிப் பிடித்து மறு கையால் ஐந்து நிமிடம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுக்கட்டும். பதில் சொல்லும்போதும் தாளம் விடாமல் ஓடுகிற கை எதுவோ, அதுதான் மீட்டும் கை. மணிக்கட்டையும் பாருங்கள். பொருந்தும் கையில் மணிக்கட்டு தளர்ந்து ஆடும், பொருந்தாத கையில் முழங்கையிலிருந்து விறைப்பாக அசையும். மூன்று நாள் தொடர்ந்து செய்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இரண்டு கையும் ஒரே மாதிரி ஓடினால் வலக்கைக் கிட்டாரையே எடுங்கள், கடையில் தேர்வு அதிகம். இடக்கை தெளிவாக முந்தினால் மட்டும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

—

பட்டறைக்காரர்

"வலக்கைக் கிட்டாரையே திருப்பிப் பிடித்து, கம்பியை மாற்றிப் போட்டால் போதுமே" என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புக் கம்பி அக்கூஸ்டிக்கில் இந்த வேலையைப் பாதியில் விட்டால் வருவது தலைவலிதான்.

முதலில் நட், கழுத்தின் முனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் குறுக்குத் துண்டு. சாதாரண 12–53 கம்பிச் செட்டில் மிக மெல்லிய 1-ஆம் கம்பி 0.30 மி.மீ., மிகத் தடித்த 6-ஆம் கம்பி 1.35 மி.மீ. பள்ளங்களும் அந்தந்தத் தடிமனுக்கு அறுத்தவை. இடம் மாற்றிப் போட்டால் மெல்லிய கம்பி அகலப் பள்ளத்தில் ஆடும், தடித்த கம்பி குறுகிய பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பிலேயே உட்காரும். கண்டுபிடிப்பது சுலபம். 1-ஆம் கம்பியைத் திறந்தபடி மீட்டினால் இரைச்சல் வருகிறது, 1-ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் சுத்தமாக ஒலிக்கிறது என்றால் கோளாறு நட்டில். 6-ஆம் கம்பியைச் சுருதி சேர்க்கும்போது "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டுச் சுருதி துள்ளினால் கம்பி பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது என்று அர்த்தம். அது உயரமாக உட்கார்ந்திருப்பதால் 1-ஆம் ஃபிரெட்டில் அழுத்த இரட்டிப்பு பலம் வேண்டியிருக்கும், சுருதியும் ஏறும். பாவம், புதிதாகப் பழகுபவர் தன் விரலில்தான் பலம் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

நட்டைக் கழற்றி முனை மாற்றி ஒட்டுவது இன்னொரு குறுக்குவழி. பள்ளங்கள் கிட்டாரின் தலைப்பக்கம் (சுருதி முறுக்கும் முனை) சரிவாக அறுத்தவை. திருப்பினால் அந்தச் சரிவு ஃபிரெட் பக்கம் வந்துவிடும், கம்பி தொட வேண்டிய விளிம்பில் தொடாது. புது நட் போடுவதே முறை.

அடுத்தது சாடில், உடலில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையில் செருகி, கம்பிகளைத் தாங்கும் துண்டு. அக்கூஸ்டிக்கில் அது நேராக இருக்காது. தடித்த கம்பியின் பக்கம் சுமார் 3 மி.மீ. பின்னால் தள்ளிச் சாய்ந்திருக்கும். தடித்த கம்பியை அழுத்தும்போது சுருதி அதிகமாக ஏறும், அதை ஈடுகட்ட நீளம் கூடுதலாக வேண்டும் என்பதற்காகவே அந்தச் சாய்வு. கம்பிகளை மாற்றினால் சாய்வு தலைகீழாகிவிடும். 3 மி.மீ. குறைந்த கம்பி 12-ஆம் ஃபிரெட்டில் ஏறத்தாழ 8 சென்ட் ஏறி ஒலிக்கும், மறுபக்கக் கம்பி அதே அளவு இறங்கும். 100 சென்ட் ஓர் அரைச் சுரம், எனவே இரண்டுக்கும் நடுவில் 16 சென்ட் விரிசல். திறந்த கம்பிகளில் சுருதி கச்சிதமாக இருக்கும், கழுத்தில் மேலே போகப் போகக் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) புளிக்கும். சாடிலை மட்டும் திருப்பினால் உயரம் சரியாகும், சாய்வு சரியாகாது, ஏனென்றால் சாய்ந்திருப்பது பிரிட்ஜில் வெட்டிய பள்ளம். அதை அடைத்து, எதிர்ச் சாய்வில் புதிதாக வெட்ட வேண்டும். கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

உள்ளே பலகையைத் தாங்கும் சட்டங்களும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒலி கொஞ்சம் மாறும், வாத்தியம் உடைந்துவிடாது. நட்டும் சாடிலும்தான் உயிர்நாடி.

—

நைலான் கம்பி வாசிப்பவர்

பட்டறை அண்ணன் சொன்னது இரும்புக் கம்பிக்கு அப்படியே பொருந்தும். கிளாசிக்கல் கிட்டாரில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. உடல் இரு பக்கமும் சமம், கீறல் தடுக்கும் தகடான பிக்கார்டு இல்லை, பெரும்பாலானவற்றில் சாடில் கம்பிகளுக்குச் செங்குத்தாக நேராகவே இருக்கும். கம்பித் தடிமனிலும் அவ்வளவு வித்தியாசம் கிடையாது: 1-ஆவது 0.71, 3-ஆவது 1.02, 6-ஆவது 1.09 மி.மீ. அளவில். திருப்பிப் போட்டுத் தொடங்க நினைப்பவருக்கு இதுதான் ஏற்ற வாத்தியம். பக்கவாட்டில் ஒலியைத் திருத்தும் ஈக்யூ பெட்டி பதித்ததும், கழுத்தருகே ஒரு பக்கம் வெட்டு விட்டதும் வேண்டாம்.

மாற்றும்போது ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சாடிலை உருவி முனை மாற்றிச் செருகுங்கள். 12-ஆம் ஃபிரெட்டில் 6-ஆம் கம்பிக்குக் கீழே சுமார் 4 மி.மீ., 1-ஆம் கம்பிக்குக் கீழே 3 மி.மீ. இடைவெளி வரும்படி அது தேய்க்கப்பட்டிருக்கும். திருப்பாவிட்டால் தடித்த கம்பி தாழ்ந்து ஃபிரெட்டில் அடிக்கும். புது நைலான் கம்பி பல நாட்கள் இளகிக்கொண்டே இருக்கும், சுருதி நிற்கவில்லையே என்று மாற்றத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

பாதப் பலகை வலக்காலுக்குக் கீழே, கிட்டாரின் இடுப்பு வலத் தொடை மேலே. நகம் வளர்ப்பது இடக்கையில், ஒட்ட வெட்டுவது வலக்கையில். புத்தகத்தில் "வலக்கை" என்று இருக்கும் இடமெல்லாம் "மீட்டும் கை" என்று பென்சிலால் திருத்தி வையுங்கள்.

—

வகுப்பு எடுக்கும் இன்னொருவர்

அந்தச் சொல் மாற்றம் வகுப்பிலும் வேண்டும். "இடக்கையை இங்கே வை" என்று சொல்லும்போதெல்லாம் இடக்கை மாணவர் ஒரு நொடி மனசுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. "அழுத்தும் கை", "மீட்டும் கை" என்று சொன்னால் அந்தத் தடுமாற்றமே இல்லை.

கார்ட் படங்கள்தான் இடக்கைக்காரரை அதிகம் குழப்புபவை. கிட்டாரை நிமிர்த்தி முகத்துக்கு எதிரே வைத்துப் பார்ப்பது போல அந்தப் படம் வரையப்பட்டிருக்கும், இடது ஓரக் கோடு 6-ஆம் கம்பி. இடக்கைக் கிட்டாரை அப்படி நிறுத்தினால் 6-ஆம் கம்பி வலது ஓரத்தில் இருக்கும். எனவே படம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்ப வேண்டும். ஆரம்பத்தில் இடக்கைக்கென்றே வரைந்த படங்களைப் பாருங்கள், அல்லது எண் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எண் அழுத்த வேண்டிய ஃபிரெட், 0 திறந்த கம்பி, எக்ஸ் மீட்டாத கம்பி. 6-ஆம் கம்பியிலிருந்து தொடங்கி "எக்ஸ் 3 2 0 1 0" என்றால் சி மேஜர், "3 2 0 0 0 3" என்றால் ஜி மேஜர். எண்ணுக்கு இடம் வலம் கிடையாது. ஆறு கோடுகளில் ஃபிரெட் எண்களை எழுதும் டேப் எழுத்தும் அப்படித்தான்: மேல் கோடு 1-ஆம் கம்பி, கீழ்க் கோடு 6-ஆம் கம்பி, யார் வாசித்தாலும். கீழ் மீட்டு, மேல் மீட்டுக் குறிகளும் மாறாது.

இடக்கைக்காரருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வசதியைச் சொல்லியே ஆக வேண்டும். வலக்கை ஆசிரியர் எதிரே உட்கார்ந்தால் அவருடைய கிட்டார்க் கழுத்து எந்தப் பக்கம் நீள்கிறதோ, மாணவரின் கழுத்தும் அதே பக்கம் நீளும். கண்ணாடியைப் பார்ப்பது போல அப்படியே பின்பற்றலாம். காணொளியையும் திருப்ப வேண்டாம். சிலர் மென்பொருளில் கண்ணாடிப் பிம்பமாக்கிவிட்டு அப்புறம் குழம்புகிறார்கள்.

—

எலக்ட்ரிக் வாசிப்பவர்

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் திருப்பி, கம்பிகளை மாற்றிப் போட்டு வாசித்தார். அதைப் பார்த்துத் திருப்ப நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அந்த வகைக் கிட்டாரில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிச் சாடில், ஸ்க்ரூடிரைவரால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். 12-ஆம் ஃபிரெட்டில் கம்பியைத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அங்கேயே அழுத்தி எழுப்பும் சுரத்தையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு இழுங்கள். ஆகவே புது நட் ஒன்று போட்டால் சுருதிப் பிரச்சினை முடிந்தது.

மிஞ்சுவது வசதிக் குறைவுகள். வால்யூம் குமிழ்கள் மேலே வந்து முன்கையில் இடிக்கும். ஸ்ட்ராப் ஆணியை எதிர்க் கொம்புக்கு மாற்ற வேண்டும், அந்தக் கொம்பு குட்டையானதால் கழுத்து கீழே சாயப் பார்க்கும். பிரிட்ஜ் அருகே சாய்வாகப் பதித்த பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) தலைகீழாவதால் தடித்த கம்பிகளின் ஒலி இறுகும், மெல்லிய கம்பிகளின் ஒலி திரளும். இந்தக் கடைசி மாற்றம் பலருக்குப் பிடித்தும் இருக்கிறது.

கம்பியை மாற்றாமலே திருப்பி வாசித்தவர்களும் உண்டு: ஆல்பர்ட் கிங், டிக் டேல், எலிசபெத் காட்டன். காட்டன் கட்டைவிரலால் மெட்டும் மற்ற விரல்களால் பாஸும் வாசித்தார், எல்லாரும் செய்வதற்கு நேர் எதிர். ஒலியில் தனி அழகு இருக்கிறது. ஆனால் எந்தப் படமும் எந்தப் பாடமும் நேரடியாக உதவாது, ஒவ்வொரு கார்ட் வடிவத்தையும் நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். தொடக்க நிலையில் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இடக்கை எலக்ட்ரிக் வாங்கினாலும் குமிழைச் சுழற்றிப் பாருங்கள். சிலவற்றில் வலக்கைக் கிட்டாரின் பொட்டென்ஷியோமீட்டரையே (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம், சுருக்கமாக 'பாட்') போட்டு, ஓரக் கால்களின் வயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். அது ஆடியோ டேப்பர் வகையாக (சுழற்றும் அளவுக்கு ஒலி சீராக மாறாமல், காதுக்கேற்ப வளைந்து மாறும்படி செய்தது) இருந்தால், 10-இலிருந்து 2 வரை குறைத்தாலும் ஒலி அவ்வளவாகக் குறையாது, அப்புறம் சட்டென்று விழுந்துவிடும். அதற்கு எதிர்த் திசை வளைவுள்ள ரிவர்ஸ் ஆடியோ பாட் மாற்றினால் சரியாகும்.

—

பட்டறைக்காரர்

வாங்குவது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். "இடக்கைக் கிட்டார்" என்று விற்பதில் கம்பி மட்டும் மாற்றிய வலக்கைக் கிட்டாரும் கலந்திருக்கும். வாசிக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள். கழுத்தின் மேல் விளிம்பில், உங்கள் கண்ணுக்கு நேராக, ஃபிரெட் இடம் காட்டும் புள்ளிகள் தெரிய வேண்டும். புள்ளிகள் கீழ் விளிம்பில் இருந்தால் அது திருப்பியது. பிக்கார்டு ஒலித்துளைக்குக் கீழே இருக்கிறதா, சாடிலின் தடித்த கம்பிப் பக்கம் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்ஷன், அதாவது கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளி, 12-ஆம் ஃபிரெட்டில் 6-ஆம் கம்பிக்கு 2.4 முதல் 2.8 மி.மீ., 1-ஆம் கம்பிக்கு 1.8 முதல் 2 மி.மீ. இருந்தால் பழகுபவர் விரலுக்கு இதம்.

துணைப் பொருள்களில் கட்டைவிரலில் மாட்டி மீட்டும் பிக் மட்டும் இடக்கைக்கென்றே வாங்க வேண்டும், வலக்கையுடையது பட்டை எதிர்த்திசையில் திரும்பி நிற்கும். கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் சாதாரணக் கேப்போ, ஸ்ட்ராப், ட்யூனர், கம்பி செட் எல்லாம் பொது.

—

வகுப்பு எடுப்பவர்

கிட்டார் கைக்கு வந்தபின் முதல் சில வாரங்களுக்கு. கிளாசிக்கல் முறையில் அல்லாமல் வாசிப்பவர் இடத் தொடை மேல் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்ட்ராப் வலத் தோள் மேல் போகும். வலக்கைக் கட்டைவிரல் கழுத்தின் பின்புற நடுவில். விரல் நுனி ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னாலேயே விழ வேண்டும். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் பலம் கூடுதலாகத் தேவைப்படும், இரைச்சலும் வரும்.

ஈ மைனரையும் சி மேஜரையும் ஜோடியாக எடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். 30-ஐ எட்டும் வரை அடுத்த ஜோடிக்குப் போக வேண்டாம். கால் மணி நேரம் வீதம் நாளுக்கு இரண்டு தடவை போதும்.

இடக்கை பலமான கை என்பதால் பலர் தொடக்கத்தில் ஓங்கி மீட்டிவிடுகிறார்கள். விரலிடுக்கில் பிடித்து மீட்டும் தகடான பிக்கை இறுக்கிப் பிடித்தால் தாளம் அவசரப்படும். 0.60 முதல் 0.73 மி.மீ. வரை தடிமன் உள்ள பிக் எடுத்து, விரலுக்கு வெளியே 3, 4 மி.மீ. மட்டும் நீட்டிப் பிடியுங்கள்.

வலக்கைக்காரரோடு பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால் அவருக்கு வலப்பக்கம் உட்காருங்கள். இரண்டு கழுத்தும் எதிரெதிர்த் திசையில் விலகி நிற்கும். இடப்பக்கம் உட்கார்ந்தால் இரண்டு கிட்டாரின் தலையும் நடுவில் முட்டிக்கொள்ளும், சேர்த்த சுருதி கலைந்துபோகும்.