தாத்தாவின் மடங்கும் வித்தைக் காசு: ரப்பர் மாற்றுவது எப்படி?

ஹட்டன் பேரன்: தோட்டத்துத் திருவிழாக்களில் தாத்தா வித்தை காட்டிய 1964 அமெரிக்கக் கென்னடி அரை டொலர் காசு என்னிடம் இருக்கிறது. மடங்கிப் போத்தலுக்குள் போகும் காசு. வெட்டிய துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் விளிம்புப் பள்ளத்து ரப்பர் பொடிந்துவிட்டது. தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைகளுக்கு இதிலேயேதான் செய்துகாட்ட வேண்டும். கூடவே ஒரு பக்கம் குடைந்த காசும் இருக்கிறது, அது எதற்கு?

பண்டாரவளை: தம்பி, பல் கம்பிக்கு மாட்டும் சின்ன ரப்பர் வளையம் சரியாக இருக்கும், பல் வைத்தியரிடம் கேளுங்கள். மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள், தடித்தால் பள்ளத்துக்கு வெளியே தெரியும். குடைந்தது, ஓடு மாதிரி மூடும் காசு. இன்னொரு அரை டொலரை மூடினால் இரண்டும் ஒரே காசாகத் தெரியும்.

தலவாக்கலை: மூடுவதற்கும் பழைய காசே தேடுங்கள். 1964இல் 90 சதவீதம் வெள்ளி. 1971 முதல் புழக்கத்துக்கு வந்ததில் வெள்ளியே இல்லை, நிறம் காட்டிக்கொடுக்கும். அப்புறம், பொலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், ஓடு மெல்லியது.

ஹட்டன் பேரன்: நன்றி அண்ணா. நாளைக்கே பல் வைத்தியரிடம் போகிறேன்.