காலம் (column) போட்டதும் ஆன்டிஆக்சிடன்ட் ஆக்டிவிட்டி காணாம போச்சு, எங்க போயிருக்கும்?

இலைச்சாறு:
மக்களே ஒரு ஹெல்ப். மூலிகை இலையை நிழல்ல காயவச்சு அரைச்சு மெத்தனால்ல ஊறப்போட்டு எக்ஸ்ட்ராக்ட் எடுத்தேன். டிபிபிஎச்-ல (ஆன்டிஆக்சிடன்ட் பட்டா வெளுக்கிற ஊதா ரசாயனம்) விட்டதும் ஊதா கலர் கண்ணு முன்னாடியே மஞ்சளாச்சு, ஐசி50 (டிபிபிஎச்-ல பாதியை முடிக்கத் தேவையான அளவு, குறைய குறைய நல்லது) மில்லிக்கு 22 மைக்ரோகிராம், ஒரே குஷி. அதுல 5 கிராம் எடுத்து சிலிகா காலம்ல (சாறுல உள்ளதை தனித்தனியா பிரிக்கிற, சிலிகா தூள் நிரப்பின குழாய்) ஏத்தி ஹெக்சேன்ல ஆரம்பிச்சு எத்தில் அசிடேட்டை கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போய் முழு எத்தில் அசிடேட்ல நிறுத்தினேன், மூணு வாரம், காலம் போட்டே காலம் போயிடுச்சு. கடைசில ஒரு ஃப்ராக்ஷனோட (காலம்ல இருந்து பிரிஞ்சு இறங்கின பகுதி) ஐசி50-கூட 100-க்கு கீழ வரல. முதல் ரெண்டுல இன்னும் கூத்து, கன்ட்ரோலை (சாறு சேர்க்காத டிபிபிஎச்) விட அப்சார்பன்ஸ் (வெளிச்சத்தை உறிஞ்சற அளவு) ஏறி இன்ஹிபிஷன் (டிபிபிஎச் குறைஞ்ச சதவீதம்) மைனஸ்ல வருது! கைடு "சினெர்ஜினு எழுதிடு"ங்கறார், அதாவது எல்லாம் சேர்ந்திருந்தா தான் வேலை செய்யும், பிரிச்சா போயிடும்னு. எனக்கு மனசு ஒப்பல.

சிலிகாதாசன்:
சினெர்ஜி இருக்கலாம் ப்ரோ, ஆனா அது எல்லாத்தையும் பார்த்துட்டு கடைசியா சொல்ற காரணம். மொதல்ல தராசுகிட்ட போங்க. எல்லா ஃப்ராக்ஷனையும் காயவச்சு எடை போட்டீங்களா, ஏத்துன 5 கிராம்ல எவ்ளோ இறங்குச்சு? டானின், ஃபிளேவனாய்டு கிளைகோசைடு மாதிரி ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி) நிறைய உள்ளதெல்லாம் சிலிகாவை உடும்பு மாதிரி புடிச்சுக்கும், எத்தில் அசிடேட்டுக்கெல்லாம் அசையாது. டிபிபிஎச்-க்கு ஹைட்ரஜன் குடுக்கறதும் அந்த ஃபீனால் ஓஎச் தான், அதனால உங்களுக்கு வேண்டிய ஆளு காலம்லயே உக்காந்திருக்க சான்ஸ் ஜாஸ்தி. காலம் மேல பழுப்பா பட்டை நிக்குதா பாருங்க.

இன்னொண்ணு, குரூடை (பிரிக்காத மொத்த சாறு) டிஎல்சி (சிலிகா பூசின தட்டுல பிரிச்சுப் பாக்கறது) ஓட்டி காயவச்சு டிபிபிஎச் கரைசலை ஸ்ப்ரே பண்ணுங்க. ஊதா தட்டுல எங்க மஞ்சளா வெளுக்குதோ அங்க இருக்கு சரக்கு. இதை காலம் போடறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும், நானும் பட்டுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

குவெட்டுக்காரி:
மைனஸ் வர்றதுக்கு நான் சொல்றேன். ஹெக்சேன் ஃப்ராக்ஷன்ல மெழுகும் கொழுப்பும் தான் இருக்கும், அதை மெத்தனால் டிபிபிஎச்-ல விட்டா கரையாம லேசா கலங்கும், கலங்கல் வெளிச்சத்தை சிதறடிக்கும், மெஷின் அதையும் அப்சார்பன்ஸ்னு தான் காட்டும். குவெட்டை (ரீடிங் எடுக்கற சின்ன குப்பி) வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, பால் மாதிரி தெரிஞ்சா அதான் கதை. கலர் அடர்த்தியா இருந்தாலும் 517 நானோமீட்டர்ல ரீடிங் கூடும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் டிபிபிஎச் இல்லாம வெறும் மெத்தனால்ல ஒரு பிளாங்க் வச்சு கழிச்சீங்களா இல்லையா?

பழைய லேப் ஆளு:
தம்பி, ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பிட வைக்கற அஸ்கார்பிக் ஆசிட்) ஐசி50 என்ன வந்துச்சு? அஸ்கார்பிக் ஆசிட் ஒரு மாலிக்யூல் ரெண்டு டிபிபிஎச்-ஐ முடிக்கும். குவெட்டுக்குள்ள டிபிபிஎச் 0.1 மில்லிமோலார்னா பாதியை முடிக்க 25 மைக்ரோமோலார் போதும், அதாவது மில்லிக்கு 4.4 மைக்ரோகிராம் பக்கம். உங்களுக்கு 15, 20-னு வந்தா அஸ்கார்பிக் பழசாயிருக்கும், இல்ல டைல்யூஷன் கணக்கு உதைக்குது. டிபிபிஎச் அளவை மாத்துனா ஐசி50-யும் மாறும், அதனால அடுத்தவன் பேப்பர்ல உள்ள நம்பரோட உங்க நம்பரை ஒப்பிட்டு அழாதீங்க.

இலைச்சாறு:
ஸ்டாண்டர்டு 4.8, அது ஓகே. பிளாங்க் வைக்கல, தப்புதான், குவெட்டும் கலங்கலா தான் இருக்கு. எடை போட்டேன், மொத்தமே 2.9 கிராம்! காலம் உச்சில ரெண்டு விரல் உயரத்துக்கு டீத்தூள் கலர் பட்டை. டிஎல்சி-லயும் ஸ்பாட் வச்ச இடத்துலயே மஞ்சள் அப்படியே குந்தியிருக்கு. இப்ப மெத்தனால் ஊத்தி இறக்கிடவா?

சிலிகாதாசன்:
ஊத்துங்க, ஆனா வெறும் மெத்தனாலை மடமடன்னு ஊத்தினா நைஸ் சிலிகாவும் கூட வரும், ஃபில்டர் பண்ணிக்கோங்க. அடுத்த தடவை குரூடை தண்ணில கலந்து ஹெக்சேன், எத்தில் அசிடேட், பியூட்டனால்னு வரிசையா பிரிச்சு, எந்த லேயர் வேலை செய்யுதோ அதை மட்டும் செஃபாடெக்ஸ் எல்எச்-20-ல (சிலிகாவுக்கு பதிலா காலம்ல நிரப்பற ஜெல்) மெத்தனால்ல ஓட்டுங்க. ரோட்டரில (கரைப்பானை ஆவியாக்கற மெஷின்) 40 டிகிரி தாண்டாதீங்க.


இலைச்சாறு:
பட்டையை இறக்கியாச்சு. 1.4 கிராம், ஐசி50 13. கைடுகிட்ட நாளைக்கு காட்றேன்.