புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் (மலேசியா) ஓட்டை சைக்கிள் ஓட ஆரம்பித்துவிட்டது

பழைய இரும்புக் கடையில் 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய 26 அங்குல மலைச் சைக்கிள் ஃபிரேம், அதில் அசையவே மறுத்த பாட்டம் பிராக்கெட் (பெடல் தண்டுகள் சுழலும் அச்சுப் பகுதி) பற்றிப் போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? கழன்றுவிட்டது!

தப்பு என்னுடையதுதான். இந்த ஃபிரேமில் செயின் பக்கம் இருப்பது இடது மரை. கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். நான் இரண்டு வாரமாக அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி மாமா ஒரு மிதி மிதித்தார். டொக்.

அப்புறம் செயின். புதுசு போட்டும் மேட்டில் நழுவியது. 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். கழற்றிப் போட்ட பழையதை அளந்தால் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கூடுதல். தேய்ந்து அவ்வளவு நீண்ட செயின் பின்சக்கரத்துப் பல்லையும் தின்றிருக்கும். வேறு வழியில்லை, பல்சக்கரமும் மாற்றினேன். பழைய சாமானில் மிச்சம் பிடித்த காசு அங்கே போயிற்று.

நேற்று செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓட்டினேன். மழைச் சேறு, ஆனாலும் நழுவவில்லை. முன் பிரேக் மட்டும் பன்றி போல் கத்துகிறது. கட்டையை மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.